ஏழாவது உருப்படி

எனக்குச் சுரம் தெரியாது.
எந்தச் சுரம் எவ்வளவு மூச்சுக் குடிக்கும் என்று தெரியும்.

மேல்வரிசைத் தகரக் குழல்கள் குருவிகள்;
அலகை நனைத்துக்கொண்டு போய்விடும்.
மூலையில் நிற்கிற பதினாறடி மரக்குழலோ
நாளெல்லாம் தண்ணீர் காட்டாத காளை.
அது வாய் திறக்குமுன்
தாலிவால்திஸ் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.
முழு எடையையும் இடது காலில் போடுவேன்.
ஆர்கனின் முதுகுப் பக்கம், துருத்தி அறை.
இங்கிருந்து கட்டைகள் தெரியாது, ஜனம் தெரியாது,
கடவுள் இருந்தால் அவரும் தெரியமாட்டார்.

கூட்டுப்பண்ணையில் நாற்பத்தொரு மாடு கறப்பவள் நான்.
ஜெபம் மறந்தவள். மறந்தேனா,
யாரும் சொல்லித்தரவே இல்லையா,
இரண்டில் ஒன்று.
கவ்யா ஆற்றங்கரையில் எங்கள் தேவாலயம்
உரக் கிடங்காக இருந்தது, பத்தொன்பது வருஷம்.
பொட்டாஷ் தின்ற சுவரில்
அப்போஸ்தலர்களுக்கு முழங்கால்வரை உப்புப் பூத்தது.
ஆர்கனை மட்டும் எவரும் தொடவில்லை.
தூக்க முடியாத பொருளுக்கு
அதன் கனமே காவல்.

பிறகு மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்தது:
இசை நிகழ்ச்சி நடத்தலாம்,
சொற்கள் கூடாது.
தாலிவால்திஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"சொல்தானே கூடாது" என்றார்.

அச்சடித்த நிரலில் ஏழாவது உருப்படிக்குப் பெயரில்லை.
'மெதுவாக' என்று மட்டும்.
முதல் நாலு சுரம் இறங்கியதும்
பெஞ்சுகள் கிறீச்சிட்டன.
ரயிலேற்றிக் கொண்டுபோனவர்களுக்கு,
புதைக்க உடல் இல்லாதவர்களுக்கு,
அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிய பாட்டு.
யாரும் வாய் திறக்கவில்லை.
இருநூறு பேர் வாயை மூடிக்கொண்டு
ஒரே சமயத்தில் மூச்சிழுத்தால்
அந்தச் சத்தம் எப்படி இருக்கும், கேட்டிருக்கிறீர்களா?
துருத்தியா அவர்களா என்று
ஒரு கணம் எனக்கே குழம்பிவிட்டது.
உடம்பும் ஒரு தோல்பைதானே.

அடுத்த முறை பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.
ஜனம் சேற்றில் நடந்து வந்தது.
பாட்டுக்குப் பதினோரு சரணம்;
தாலிவால்திஸ் ஒன்றையும் விடுவதாயில்லை.
எட்டாவதில் என் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது.
ஒன்பதாவதில் மரக்குழல் இருமத் தொடங்கியது.
அப்போது பக்கத்து மிதியில் ஒரு காலணி வந்து நின்றது.
கறுப்புத் தோல், பட்டணத்துப் பாலிஷ்,
விளிம்பில் எங்கள் ஊர்ச் சேறு.
யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொள்ள
மாவட்டம் அனுப்பிய ஆள்.
குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:
"எந்தக் கால் முதலில்?"

மூன்று சரணம் மிதித்தோம். பேசவில்லை.
அவர் அறிக்கையில் எழுதியதைப் பிறகு கேள்விப்பட்டேன்:
'ஒலி திருப்திகரம். சொற்கள் இல்லை.'
மறு மாதம் தாலிவால்திஸின் வேலையைப் பறித்த தாளிலும்
அதே கையெழுத்துதான்.
இந்த இரண்டையும் நான் இன்னும்
ஒரே பையில் வைக்கக் கற்கவில்லை.

இப்போது கொடி மாறிவிட்டது.
துருத்திக்கு மின்மோட்டார், சலிப்பில்லாத காற்று.
சுற்றுலாக்காரர்கள் கேட்கிறார்கள்:
பாட்டா உங்களை விடுவித்தது?
எனக்கென்ன தெரியும்.
மறுநாள் திங்கட்கிழமை,
ரொட்டிக் கடை வரிசை அதே நீளம்.
ஆனால் எனக்கு முன்னால் நின்ற பெண்,
பெயர் தெரியாது, பச்சைத் தலைத்துண்டு,
வாய் மூடியபடி முணுமுணுத்தாள்.
பின்னால் ஒருவர் தாழ்ந்த குரலில் பிடித்துக்கொண்டார்.
கடைக்காரி எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை
முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

என் இடது காலுறை மட்டும்
இன்றைக்கும் சீக்கிரம் கிழிகிறது.